அலை ஓயக் காத்திருந்தவர்கள்

கடலாடப் போனவன் அலை ஓயட்டும் என்று கரையில் உட்கார்ந்திருந்த பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். கணினி வாங்க நினைப்பவர் எவரும் அக்கரையில் ஒருமுறையேனும் அமர்ந்தவரே. இன்று வாங்கினால் ஆறு மாதத்தில் இதைவிடச் சிறந்தது இதே விலைக்கு வந்துவிடும் என்கிறது மனம். ஆறு மாதம் பொறுத்தால் அப்போதும் அதற்கடுத்து வரப்போவது கண்முன் நிற்கும். படத்தொகுப்புக்கென்று கணினி வாங்குவோருக்கு இத்தயக்கம் இன்னும் கடுமையானது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பத்தாண்டுப் பழைய கணினி போதும். அசையும் படமோ செயலி, நினைவகம், வன்வட்டு என்று கணினியின் எல்லா உறுப்புகளையும் ஒருசேரப் பிழிந்தெடுப்பது.

எங்கள் கல்லூரித் தமிழ்த் துறையில் 2004ஆம் ஆண்டு தொடங்கி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் தெருக்கூத்துகளை ஒளிப்பதிவு செய்து வந்தோம். அவ்வகையில் சேர்ந்த மினி டிவி நாடாக்கள் 140 அலமாரியில் இருக்கின்றன. அவற்றைத் தொகுக்கும் கணினியை இப்போதே புதுப்பிப்பதா, இன்னும் ஓராண்டு பொறுப்பதா என்ற கேள்வி அண்மையில் துறைக் கூட்டத்தில் மீண்டும் எழுந்தது. ‘மீண்டும்’ என்று சொல்லக் காரணம் உண்டு. இதே கேள்வியை நாங்கள் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். எனவே இம்முறை விலைப்பட்டியலை ஒதுக்கிவைத்து, இக்கேள்வியின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லதெனத் தோன்றிற்று.

வள்ளுவர் இதற்கு ஒரு வகைப்பாடு தந்திருக்கிறார். காலந்தாழ்த்திச் செய்யத்தக்கன சில, தாழ்த்தாது செய்யத்தக்கன சில என்று ‘வினைசெயல்வகை’ அதிகாரத்தில் அவர் செயல்களைப் பிரிக்கிறார். பொறுமை நல்லதா, விரைவு நல்லதா என்று அவர் பொதுப்படக் கேட்கவில்லை. எந்த வினை எவ்வகையது என்பதே அவர் கேள்வி. படத்தொகுப்புக் கருவிகளின் வரலாறும் இக்கேள்வியின் வரலாறாகவே நமக்குப் படுகிறது.

* * *

காந்த நாடாவில் படம் பதியும் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956 ஏப்ரலில் சிகாகோவில் காட்டியது. அதன் விலை ஏறத்தாழ 50,000 டாலர். அந்த நாடாவில் பதிந்த நிகழ்ச்சியைத் தொகுப்பதென்றால் பிளேடால் வெட்டி ஒட்டவேண்டும். திரைப்படச் சுருளிலாவது ஒவ்வொரு சட்டமும் கண்ணுக்குத் தெரியும். காந்த நாடாவில் எதுவும் தெரியாது. இரும்புத்துகள் கலந்த நீர்மத்தைத் தடவி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வெட்டும் இடத்தைத் தேடினர்.

இவ்வேலைக்குக் கணினியைக் கொண்டுவந்தது 1971இல் வெளிவந்த சிஎம்எக்ஸ் 600. சிபிஎஸ் தொலைக்காட்சியும் மெமோரெக்ஸ் நிறுவனமும் கூடிச் செய்தது அது. சலவை இயந்திரம் அளவுக்குப் பருத்த வட்டு இயக்கிகளில் அரை மணி நேரப் படத்தை அது வைத்திருந்தது. அதுவும் கறுப்பு வெள்ளையில், தரம் குறைத்து. அவ்வுருவில் தொகுத்து முடித்தபின், வெட்டுகளின் பட்டியலைக் கொண்டு மூல நாடாவில் இறுதி வடிவத்தைச் செய்தனர். இன்று ‘பதிலிக் கோப்பு’ என்று நாம் சொல்வதும் இதே உத்திதான். கனமான மூலப் படத்துக்கு மெலிந்த நகல் ஒன்றை எடுத்து, அதில் தொகுத்து, கடைசியில் மூலத்துக்குத் திரும்புவது. கருவியின் வலிமை போதாதபோது வேலையை நிறுத்தவேண்டியதில்லை, வேலையின் உருவைச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்ற பாடம் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

1989இல் மெக்கின்டோஷ் கணினியின் மீது கட்டப்பட்ட அவிட் வந்தது. தொடக்கத்தில் அதன் படத்தரம் மிகத் தாழ்ந்தது. திரைப்படத் தொகுப்பாளர் பலர் மூவியோலாவையும் ஸ்டீன்பெக்கையும் விட்டு வரத் தயங்கினர். தரம் உயரட்டும், விலை இறங்கட்டும் என்றனர். காத்திராதோரும் இருந்தனர். 1994இல் வெளிவந்த கமல்ஹாசனின் ‘மகாநதி’, இந்தியாவில் அவிட்டைப் பயன்படுத்திய முதல் படமெனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1997 மார்ச்சில் ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்துக்காக வால்டர் மர்ச் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் விருது பெற்றார். கணினியில் தொகுத்த படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. அவர் அப்படத்தைச் சுருளில் தொகுக்கத் தொடங்கி, இடைவழியில் அவிட்டுக்கு மாறியவர் என்பது கவனிக்கத்தக்கது.

அதே மர்ச் 2002இல் இன்னொரு முடிவெடுத்தார். ருமேனியாவில் படமாக்கப்பட்ட ‘கோல்ட் மௌன்டன்’ என்ற பெரும்படத்தை, 999 டாலருக்குக் கடையில் கிடைத்த ஃபைனல் கட் புரோ மென்பொருளில், பவர் மேக் ஜி4 கணினிகளில் தொகுப்பதென்று துணிந்தார். நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட படப்பதிவு அது. மென்பொருளை விற்ற ஆப்பிள் நிறுவனமே இம்முயற்சிக்குத் துணைநிற்க முதலில் தயங்கியது. திருத்தப்பட்ட வெட்டுகளின் பட்டியலை எடுப்பதிலும், ஒலிக்கோப்புகளை ஒலித்தொகுப்பாளரிடம் சேர்ப்பதிலும் குறைகள் இருந்தன. அவரும் அவருடைய உதவியாளர்களும் சுற்றுவழி கண்டு வேலையைத் தொடர்ந்தனர்.

மென்பொருளின் நான்காம் பதிப்பு 2003 ஜூனில் வந்தது. அதே மாதத்தில் ஜி5 கணினியும் அறிவிக்கப்பட்டது. ஓராண்டு பொறுத்திருந்தால் மர்ச்சுக்கு இரண்டும் கிடைத்திருக்கும். படத்துக்கு அந்த ஓராண்டு இல்லை; அது 2003 டிசம்பரில் திரைக்கு வந்தது. படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குக் கிட்டியது. மர்ச் வலிமையான கருவியைத் தேடவில்லை, போதுமான கருவியையே தேடினார் என்று நாம் கருதலாம்.

* * *

அப்படியானால் காத்திருத்தல் என்றுமே பிழையா? இல்லை. அதற்கொரு கணக்கே உண்டு.

ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு இருமடங்காகும் என்று 1965இல் எழுதிய கார்டன் மூர், 1975இல் அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். வேகம் 18 மாதத்துக்கொருமுறை இரட்டிக்கிறது என்பது வழக்கில் நிலைத்த வடிவம். இதை வைத்து 1999இல் அரிசோனா பல்கலைக்கழக வானியல் ஆய்வாளர் சிலர் பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் ஒரு கட்டுரை எழுதினர். நீண்ட கணிப்பு ஒன்றை இன்றே தொடங்குவதா, சோம்பியிருந்துவிட்டு வேகமான கணினி வந்தபின் தொடங்குவதா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. இன்றைய கணினியில் 26 மாதத்துக்கு மேல் பிடிக்கும் வேலையென்றால் பொறுப்பதே விரைவு; அதற்குக் குறைந்ததென்றால் உடனே தொடங்குவதே விரைவு என்பது விடை.

எளிய எடுத்துக்காட்டால் இது விளங்கும். 60 மாத வேலை ஒன்று இருக்கிறது. 18 மாதம் சும்மா இருந்து, இருமடங்கு வேகமுள்ள கணினியை வாங்கினால் அது 30 மாதத்தில் முடியும். மொத்தம் 48 மாதம். ஓராண்டு மிச்சம். ஆனால் பத்து மாத வேலைக்கு அப்படிக் காத்திருந்தால் 18 மாதமும் ஐந்து மாதமுமாக 23 மாதம் ஆகும். சோம்பல் அங்கே இழப்பு.

இக்கணக்கு இரண்டு ஊன்றுகோல்களின் மேல் நிற்கிறது. வேகம் தவறாமல் இரட்டிக்கவேண்டும், விலை ஏறாதிருக்கவேண்டும். முதலாவது 2004 வாக்கிலேயே முறியத் தொடங்கிற்று. வெப்பத்தை அடக்கவியலாமல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை இன்டெல் அவ்வாண்டு அக்டோபரில் கைவிட்டது. அதன்பின் வேகம் ஒற்றைச் செயலியின் துடிப்பில் அல்லாது, பல உள்ளகங்களிலும் தனிவேலைக்கான சுற்றுகளிலும் வளர்ந்தது.

படத்தொகுப்பில் இதன் விளைவு பெரிது. மினி டிவி நாடாவின் படத்தில் ஒவ்வொரு சட்டமும் தனித்து நிற்பது. மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் கேட்டாலும் கணினியை வருத்தாது. 2006இல் வந்த ஏவிசிஎச்டி போன்ற வடிவங்கள், அடுத்தடுத்த சட்டங்களுக்கிடையே மாறியதை மட்டும் எழுதிவைத்து இடத்தைச் சேமித்தன. ஒரு சட்டத்தைக் காட்ட அதன் அண்டைச் சட்டங்களையெல்லாம் கணினி பிரித்துப் பார்க்கவேண்டியதாயிற்று. கோப்பு சிறிது, சுமை பெரிது. 2011இன் தொடக்கத்தில் இன்டெல் செயலிகளில் இச்சுருக்கத்தைப் பிரிப்பதற்கான தனிச்சுற்று மேம்பட்ட வடிவில் சேர்ந்தபோது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த மென்பொருள்களில் சுமை இறங்கியது. எனவே, எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதைவிட, நம் ஒளிப்படக்கருவி எழுதும் வடிவத்தைப் பிரிக்கும் சுற்று இந்தக் கணினியில் உண்டா என்பதே வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி. உண்டெனில் காத்திருக்க வேண்டியதில்லை. இல்லையெனில், அது அடுத்து வருமென்று உறுதியாகத் தெரிந்தால், பொறுப்பதில் பொருளுண்டு.

வாசல் மாறும் தருணங்களும் அத்தகையவை. இன்டெல் செயலிகளுக்கு மாறப்போவதாக ஆப்பிள் 2005 ஜூனில் அறிவித்தது. அதன்பின் அக்டோபரில் வந்த நான்கு உள்ளக ஜி5 கணினியை வாங்கியோர், 2009 ஆகஸ்டில் வந்த இயங்குதளத்திலேயே கைவிடப்பட்டனர். 2019 டிசம்பரில் 5,999 டாலர் தொடக்க விலையில் வந்த மேக் புரோவை வாங்கியோருக்கு அந்த முன்னறிவிப்பும் இல்லை. ஆறே மாதத்தில், 2020 ஜூனில், நிறுவனம் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறுவதாக அறிவித்தது. இன்டெல் மேக்குகளை ஏற்கும் கடைசி இயங்குதளம் 2025இல் வந்தது. அறிவிப்புக்குப் பின் அவசரப்படுவது அறியாமை. அறிவிப்பே இல்லாதபோது அஞ்சியிருப்பதோ அலையை எண்ணுவது.

இரண்டாவது ஊன்றுகோலான விலையும் பலமுறை முறிந்திருக்கிறது. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வன்வட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கின. சில வாரங்களில் வன்வட்டு விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. 2020 முதல் 2022 வரை, பெருந்தொற்றும் மறைக்காசு அகழ்வோரின் தேவையும் சேர்ந்து வரைகலை அட்டைகளைக் கடைகளிலிருந்து துடைத்தெடுத்தன. 2025இன் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான கணினி மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. நாளை மலியும் என்பது பல ஆண்டுகள் மெய்யாக இருந்த ஒரு வழக்கமே தவிர இயற்கை விதியன்று.

* * *

இவ்வரலாற்றில் எங்கள் துறையின் பங்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2005இல் நாங்கள் வாங்கிய பென்டியம் 4 கணினியில் 80 ஜிபி வன்வட்டு இருந்தது. 2006இன் கோடையில் விடிய விடிய நடந்த கர்ண மோட்சக் கூத்து ஒன்றைப் பதிவு செய்தோம். கர்ணன் வேடம் கட்டியவர் எழுபதைத் தொட்ட வாத்தியார். எட்டு நாடாக்கள் நிறைந்தன. எட்டு மணி நேரத்துக்கு 104 ஜிபி வேண்டும். எங்கள் வட்டில் அது அடங்காது. பெரிய வட்டு விலை இறங்கட்டும் என்று முடிவு செய்தோம். 2007இல் ஒரு டெராபைட் வட்டு வந்தது. விலை இன்னும் குறையுமென்றோம். 2011 செப்டம்பரில் ஒருவழியாக மதிப்பீடு கேட்டுக் கோப்பு எழுதினோம். கோப்பு கையெழுத்தாகி வருவதற்குள் தாய்லாந்தில் வெள்ளம். புதிய விலைக்கு ஒப்புதல் கிட்டவில்லை. இடையில் வாத்தியார் இரண்டு மூன்று முறை துறைக்கே வந்து கேட்டார்.

“முழு ராத்திரியும் வேணாங்க சார். பொன்னுருவி வர்ற எடம் மட்டும் இருந்தாப் போதும். பேரப் பசங்க பாக்கணும்னு ஆசைப்படுதுங்க.”

“நல்ல கம்ப்யூட்டர் வந்துடட்டுங்க ஐயா, முழுசாவே போட்டுத் தர்றோம்” என்று சொல்லி அனுப்பினோம். மரியாதையாகத்தான் சொன்னோம். அவர் 2013இல் காலமானார்.

அவர் கேட்டது ஒரு மணி நேரப் பகுதி. 13 ஜிபி. எங்கள் 80 ஜிபி வட்டில் அது 2006இலேயே அடங்கியிருக்கும். முழுமைக்குப் போதாத கருவி, கேட்ட அளவுக்குப் போதுமானதாகவே இருந்தது. இது எங்களுக்குத் தெரியாமலில்லை. வரப்போகும் கணினியின் கணக்கிலேயே மனம் இருந்ததால், இருந்த கணினியின் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் நாங்கள் பிந்தியே உணர்ந்தோம். நாடாவிலிருந்து கணினிக்குப் படத்தை ஏற்றுவது நாடா ஓடும் வேகத்திலேயே நடக்கும். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம். 2005இன் கணினியிலும் அதே நேரம், இன்றைய கணினியிலும் அதே நேரம். 140 நாடாக்களுக்கு 140 மணி. எந்தச் சில்லும் இதைச் சுருக்காது. அரிசோனா ஆய்வாளரின் கணக்கு இவ்வேலையைத் தொடவே இல்லை. வந்த படத்தைப் பார்ப்பதும் அப்படியே. பார்க்கும் கண்ணுக்கு இரட்டிக்கும் விதி ஏதுமில்லை.

காத்திருப்பு இங்கே நடுநிலையானதும் அன்று. நாடாவின் காந்தப் பூச்சு உதிர்கிறது. அதை ஓட்டும் ஒளிப்படக்கருவியின் தலை தேய்கிறது. நாடாவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் துளை புதிய கணினிகளில் இல்லை; ஆப்பிளின் 2025ஆம் ஆண்டு இயங்குதளம் அவ்விணைப்புக்கான ஆதரவையே நீக்கிவிட்டது. சிறந்த கணினிக்காகக் காத்திருக்கக் காத்திருக்க, வரும் கணினி எங்கள் நாடாவைப் படிக்கத் தெரியாததாக ஆகிக்கொண்டிருந்தது.

எனவே வள்ளுவரின் வகைப்பாட்டைத் துறைக் கூட்டத்தில் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தோம். தாழ்த்தலாகாதது: நாடாவிலிருந்து படத்தை எடுத்தல். இதற்குப் புதுக் கணினி வேண்டாம். மூலையில் கிடக்கும் பென்டியம் 4, அதன் ஃபயர்வயர் அட்டை, ஒரு வெளிவட்டு, முறைவைத்து உட்கார நாலு பேர் போதும். அந்தப் பழைய கணினியைக் கழிவில் சேர்ப்பதில்லை என்றும் முடிவாயிற்று. தாழ்த்தத்தக்கது: இப்போது கைப்பேசிகளில் எடுக்கும் உயர்தரப் பதிவுகளைத் தொகுக்க ஒரு புதுக் கணினி. அதையும் நெடுநாள் தாழ்த்தவில்லை. எங்கள் பதிவு வடிவத்தைப் பிரிக்கும் சுற்று உண்டா என்று மட்டும் பார்த்து, நடுத்தரமான ஒன்றுக்குக் கேட்பாணை எழுதியிருக்கிறோம். நினைவகத்தை மட்டும் குறைவாக வைத்து, விலை தணிந்தால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்று துளை காலியாயுள்ள வகையைத் தேர்ந்தோம். அதற்குள் கனமான பதிவுகள் வந்தால், 1971இன் உத்தி இருக்கவே இருக்கிறது.

இக்கட்டுரை எழுதப்படும் வாரத்தில், கர்ண மோட்சத்தின் எட்டு நாடாக்களில் ஆறு ஏறிவிட்டன. பொன்னுருவி வருமிடம் மூன்றாவது நாடாவில் இருக்கிறது. அதன் நகலை வாத்தியாரின் பேரனிடம் கொடுத்தோம். அவருக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டு மூன்று இடங்களில் படம் சிறு சதுரங்களாக உடைந்து, கர்ணனின் முகம் மறைகிறது. பாட்டு மட்டும் அறுபடாமல் கேட்கிறது.